ஓடைப் பூச்சிக்குத் தேவை நிழல்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலை ஓடைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மீனோடு நின்றுவிடுவார்கள். கல்லைப் புரட்டி அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிவரை போனதற்கு என் நன்றி. ஆனால், மேலே போகப் போகத் தண்ணீரில் ஆக்சிஜன் கூடுவதால்தான் இளம்பருவத்தை ஓடைநீரில் கழிக்கும் ஸ்டோன்ஃப்ளை போன்ற பூச்சிகள் உயரத்தில் வாழ்கின்றன என்று எழுதியிருப்பது சரியல்ல.

குளிர்ந்த நீர் ஆக்சிஜனை அதிகம் பிடித்துவைக்கும் என்பது உண்மை. ஆனால் மலை ஏறினால் காற்றழுத்தம் குறைகிறதே! அழுத்தம் குறைந்தால் நீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். மேட்டுப்பாளையம் பக்கம் கல்லாற்றில் 28 டிகிரியில் ஓடும் நீர் லிட்டருக்கு ஏறக்குறைய ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் கொள்ளும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில், 15 டிகிரி நீரிலும் அது எட்டைத் தொடாது.

அப்படியானால் பூச்சி ஏன் மேலே இருக்கிறது? சூடு 10 டிகிரி ஏறினால் அதன் உடம்புக்கு வேண்டிய ஆக்சிஜன் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். நீரில் உள்ள அளவு ஏறக்குறைய அதேதான், உடம்பின் செலவு கூடிவிடுகிறது. நான் பள்ளியில் விலங்கியல் நடத்திய காலத்தில், ஸ்டோன்ஃப்ளையின் இளம்பருவப் பூச்சி ஒன்றை ஓடைநீரோடு வெள்ளைத் தட்டில் விட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். தட்டு நீர் வெதுவெதுப்பானதும் அது கால்களை ஊன்றித் தண்டால் எடுக்கும். செவுள்மேல் புதுநீரைத் தள்ள அது படும் பாடு அது. உடனே ஓடையிலேயே விட்டுவிடச் சொல்வார்கள் பிள்ளைகள்.

1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறைகிறது. ஒரு டிகிரிக்கு 150 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கரையோரச் சோலை மரங்களை வெட்டி, வெயில் பட்டு நீர் மூன்று டிகிரி சூடானால், அங்கே வாழும் பூச்சிக்கு ஓடை 450 மீட்டர் கீழே இறங்கிவிட்ட மாதிரிதான். அது மேலே போகலாம், ஆனால் எதுவரை? நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டரில் முடிந்துவிடுகிறது. உச்சிக்குப் பக்கத்து ஓடைகள் கோடையில் நூலாக இளைத்துவிடும்.

எங்கள் பக்கம் கேரட் பாத்திகள் தண்ணீர் விளிம்புவரை வந்துவிட்டன. அங்கே இரு கரையிலும் சில அடி அகலத்துக்காவது மரங்கள் நிற்க வேண்டும். அடுத்த கட்டுரையை அந்த நிழலைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கோத்தகிரி