டிஸ்கில் தெரிகிற படம் கேபிளில் ஏன் மங்குகிறது? செங்கோட்டை, ஆரியங்காவு வட்டார கேபிள் ஆபரேட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஒரே டிவி, ஒரே படம். டிவிடி பிளேயரில் போட்டால் புடவைக் கரையின் வேலைப்பாடு வரை தெரிகிறது. அதுவே ஞாயிற்றுக்கிழமை சேனலில் ஓடும்போது முகங்கள் மெழுகு பூசினாற்போல் வழவழத்துக் கிடக்கின்றன. வாடிக்கையாளர் போன் செய்தால் லைன்மேன் வருகிறார், பாக்ஸ் மெனுவில் சிக்னல் பட்டையைப் பார்க்கிறார், "சிக்னல் ஃபுல்லா இருக்கு, உங்க டிவிதான் பழசு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். புளியரையில் தமிழில் கிடைக்கும் இந்தப் பதில், கணவாய் தாண்டினால் தென்மலையில் மலையாளத்தில் கிடைக்கிறது. சிக்னல் ஃபுல்லாக இருப்பது உண்மைதான். ஆனால் படம் மங்குவதற்கும் அந்தப் பட்டைக்கும் சம்பந்தம் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பட்டையைப் பார்ப்பது அனலாக் காலத்துப் பழக்கம். அப்போது சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளி கூடும், பிறகு நிறம் போகும். லைனைச் சரிசெய்தால் படம் தெளியும். கேபிள் டிவியை டிஜிட்டலாக்கும் திட்டத்தின் கடைசியான நான்காம் கட்டத்துக்குரிய கெடு 2017 மார்ச் 31-இல் முடிந்தது. அந்தக் கணக்கும் அதோடு முடிந்துவிட்டது. டிஜிட்டலில் சிக்னல் கொஞ்சம் குறைந்தால் படம் துளியும் மாறாது. எல்லைக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாகச் சிதறும், ஒலி விட்டு விட்டு வரும், காட்சி உறைந்து நிற்கும். இடையில் 'மங்கல்' என்றொரு நிலையே கிடையாது. ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள்: ஒலியும் சேர்ந்து அறுந்தால் லைன் கோளாறு. ஒலி சீராக இருக்க, ஆட்டம் ஓட்டம் உள்ள காட்சியில் மட்டும் கட்டம் தெரிந்து, காட்சி நின்றதும் தெளிந்தால் அது சேனல்களைத் திரட்டி லைனில் ஏற்றும் கன்ட்ரோல் ரூமில் படத்தை அளவுக்கு மீறிச் சுருக்கியதன் விளைவு.

எவ்வளவு சுருக்குகிறார்கள் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு கேரியரில், அதாவது பல சேனல்களைச் சேர்த்துச் சுமக்கும் ஓர் அலைவரிசையில், 64 குவாம் (டிஜிட்டல் தகவலை அலையில் ஏற்றும் முறை), சிம்பல் ரேட் (ஏற்றும் வேகம்) 6.875 என்று வைத்தால், விநாடிக்குச் சுமார் 38 மெகாபிட் தகவல் போகும். அதில் 10 எஸ்டி சேனல் (எச்டி அல்லாத சாதாரணச் சேனல்) ஏற்றினால் ஒன்றுக்கு 3.8 மெகாபிட், 20 சேனலைத் திணித்தால் 1.9. ஒலிக்கும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். எல்லை ஊர் என்பதால் இங்கே தமிழ்ப் பட்டியலும் முழுசாக வேண்டும், மலையாளப் பட்டியலும் முழுசாக வேண்டும். திணிக்கும் ஆசை வருவது புரிகிறது. இப்போது டிஸ்குக்கு வருவோம். இரண்டே முக்கால் மணி நேரப் படத்தை 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிவிடியில் நிறைத்துப் பதித்தால் விநாடிக்கு 6.9 மெகாபிட் வரை கிடைக்கும். 4.7 ஜிபி ஒற்றை அடுக்கு டிஸ்க் என்றாலும் 3.8. இரண்டிலும் படத்தைச் சுருக்கும் முறை பழைய எம்பெக் 2 என்றால், 20 சேனல் கேரியரோடு ஒப்பிடும்போது டிஸ்க் இரண்டிலிருந்து மூன்றரை மடங்கு வரை வசதியாக இருக்கிறது. போதாததற்கு, டிஸ்க் தயாரிப்பவர் படத்தை இரண்டு முறை ஓட்டி, எந்தக் காட்சிக்கு எவ்வளவு பிட் என்று பங்கு போட்டுவிட்டுத்தான் பதிப்பார். சேனலுக்கு அந்த அவகாசம் இல்லை; வருவதை வந்த வேகத்தில் சுருக்கி அனுப்ப வேண்டும்.

படத்தில் மேலிருந்து கீழ்வரை உள்ள கோடுகளின் எண்ணிக்கையைச் சொல்லி யாரும் தப்பிக்கவும் முடியாது. வெளிநாட்டுச் சந்தைக்காகப் போட்ட தமிழ்ப் பட டிவிடிகள் பல அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் வந்தவை. அவற்றில் 480 கோடுதான். உங்கள் எஸ்டி சேனலில் 576. அப்படியும் டிஸ்க்தான் தெளிவு என்று பார்ப்பவர் சொல்கிறார் என்றால், குறை கோட்டில் இல்லை, பிட்டில் இருக்கிறது. பல இடங்களில் அந்த 576-க்கும் அகலவாட்டில் ஒரு வெட்டு உண்டு: 720 புள்ளிக்குப் பதில் 544 அல்லது 480 என்று குறைத்து அனுப்புவார்கள். எம்பெக் 2-க்குப் பிந்தைய சுருக்கும் முறையான எச்.264-இல் வந்த சாட்டிலைட் படத்தை அவிழ்த்து, பழைய பாக்ஸ்களுக்காக எம்பெக் 2-ஆக மறுபடி சுருக்கும்போது இன்னொரு சுற்றுத் தேய்மானம். நகலை நகலெடுக்கிற வேலை அது.

இதற்குச் சரியான சோதனை தண்ணீர். சீசன் தொடங்கியதும் செய்திகளில் குற்றாலம் ஐந்தருவியைக் காட்டுவார்கள். ஆகஸ்டில் மலையாளச் சேனல்களில் புன்னமடைக் காயலின் நேரு டிராஃபி வள்ளங்களி ஓடும். முந்தைய ஃபிரேமிலிருந்து மாறியதை மட்டும் அனுப்புவதுதான் எம்பெக்கின் சிக்கனம். விழுகிற அருவியிலும் நூறு துடுப்பு கிளப்பும் தெறிப்பிலும் மாறாத இடமே இல்லை. பிட் போதாத சேனலில் அருவி பஞ்சு மூட்டையாகத்தான் தெரியும்.

எல்லா டிஸ்கும் ஜெயிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விசிடி என்றால் 352க்கு 288 புள்ளி, 1.15 மெகாபிட், அது உங்கள் மோசமான சேனலுக்கும் கீழே. பஸ் ஸ்டாண்ட் பக்கம் மூன்று படத்தை ஒரே 4.7 ஜிபி டிவிடியில் அடைத்து விற்றார்களே, அதில் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 1.3 மெகாபிட். அந்த டிஸ்கை ஆதாரமாகக் காட்டிச் சண்டைக்கு வருபவரிடம் நீங்கள் தாராளமாகத் திருப்பிச் சண்டை போடலாம்.

அடுத்தது மஞ்சள் வயர். இது முழுக்க உங்கள் ஆட்கள் கையில் இருக்கிற விஷயம். எச்டி பாக்ஸ் கொடுத்து, எச்டி கட்டணமும் வாங்கி, ஏவி வயரில் இணைத்துவிட்டு வந்தால் டிவிக்குப் போவது சாதாரண எஸ்டி படம்தான். அந்த ஒற்றை வயரில் வெளிச்சமும் நிறமும் கலந்து போகின்றன. டிவி அவற்றைப் பிரிக்கும்போது எழுத்தோரத்தில் புள்ளிகள் ஊரும், மெல்லிய கோடு போட்ட சட்டையில் வானவில் நெளியும், சிவப்பு எல்லை தாண்டிக் கசியும். டிவிடி பிளேயர் எச்டிஎம்ஐ-யிலும் பாக்ஸ் மஞ்சள் வயரிலும் இருக்கும் வீட்டில் ஒப்பீடு தொடங்கும் முன்பே நீங்கள் தோற்றுவிட்டீர்கள். இரண்டையும் எச்டிஎம்ஐ-யில் இணையுங்கள். எச்டி பாக்ஸின் வெளியீட்டை 1080i என்றும், திரை விகிதத்தை 16:9 என்றும் வையுங்கள். டிவியின் பிக்சர் மோட் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியாக நினைவில் இருக்கும். ஒன்றில் 'விவிட்', இன்னொன்றில் 'ஸ்டாண்டர்ட்' என்றிருந்தால் அது ஒப்பீடே அல்ல. ஷார்ப்னெஸைக் குறையுங்கள், பிட் குறைந்த படத்தில் அது கட்டங்களின் ஓரத்தைத்தான் கூர்மையாக்கும். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தாலோ, இருட்டுக் காட்சியில் ஒன்றுமே தெரியாமல் அடைத்துக்கொண்டாலோ எச்டிஎம்ஐ பிளாக் லெவலை மாற்றிப் பாருங்கள்.

உங்கள் லோக்கல் சேனலின் நிலை இன்னும் வேடிக்கை. அங்கே படம் டிஸ்கிலிருந்துதான் ஓடுகிறது. ஆனால் பிளேயரிலிருந்து என்கோடருக்கு அதே மஞ்சள் வயர்! கோயில் கொடையின் வீடியோவும் கல்யாண விளம்பரமும் எடுத்தபோது இருந்த தெளிவில் பாதி அந்த ஒரு முழ வயரிலேயே போய்விடுகிறது. எச்டிஎம்ஐ இன்புட் உள்ள என்கோடரை வைத்து, எஸ்டி சேனலானாலும் 3 மெகாபிட்டாவது கொடுங்கள். ஓட்டும் படத்துக்கு உரிமை வாங்குவது தனி விஷயம். அதை நீங்களே அறிவீர்கள்.

லைனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்த தொழில். ஆனால் பாக்ஸின் பட்டையை நம்ப வேண்டாம்; குவாம் மீட்டரால் வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில், பாக்ஸில் சொருகும் நுனியிலேயே அளந்து பாருங்கள். எம்இஆர் (சிக்னல் எவ்வளவு சுத்தம் என்று காட்டும் அளவு) 30 டெசிபலுக்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 24-ஐ நெருங்கினால் அடுத்த மழைக்குப் படம் சிதறும். நான்கு வழி ஸ்பிளிட்டர் 7 டெசிபலுக்கு மேல் தின்னும், 30 மீட்டர் ஆர்ஜி 6 கேபிள் மேல் அலைவரிசைகளில் 5 முதல் 6 வரை தின்னும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரலோடு வரும் ஊர் இது. டேப் சுற்றிய ஜாயின்டில் ஈரம் இறங்கி, நடுச்செம்பு கறுத்து, எம்இஆர் சரியும். வெளியே இருக்கும் கனெக்டர்களை மே மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

கன்ட்ரோல் ரூம் எங்களிடம் இல்லை, மேலே எங்களுக்குச் சிக்னல் தரும் பெரிய நிறுவனமான எம்எஸ்ஓவிடம் இருக்கிறது என்று உங்களில் பலர் சொல்வீர்கள். சரி. ஆனால் எந்த அலைவரிசையில் எத்தனை சேனல் ஏற்றியிருக்கிறார்கள், எம்பெக் 2-ஆ எச்.264-ஆ, அகலம் 720-ஆ 544-ஆ என்று எழுத்தில் கேட்கும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்தான். மாதாமாதம் பணம் கட்டுபவர்களும் நீங்கள்தான். கேட்டு வாங்குங்கள். வாங்கிய பட்டியலைத் தமிழிலும் மலையாளத்திலும் கலெக்ஷன் அட்டையின் பின்பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள். 20 சேனல் ஏறிய கேரியர் எது என்று தெரிந்தால், அதில் யாரும் பார்க்காத ஆறு சேனல் எவை என்று வாடிக்கையாளர்களே சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
செங்கோட்டை, புளியரை பகுதியில் டிவியும் டிஸ்க் பிளேயரும் பழுதுபார்ப்பவர்கள்