செயலாளர் ஆண்டறிக்கை: 'ராக் தர்பாரி' மேடையேறிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, நண்பர்களே, வணக்கம்.

நம் நாடக மன்றத்தின் சென்ற ஆண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதாந்திர வாசிப்புக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. மழையில் நைந்துபோன படுதாக்களை மாற்றினோம். மற்ற விவரங்கள் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி ஒரே நாடகத்துக்குப் போனது. இந்த அறிக்கையும் அப்படியே.

ஸ்ரீலால் சுக்ல 1968-ல் இந்தியில் எழுதிய நாவல் 'ராக் தர்பாரி'. மறு ஆண்டே சாகித்திய அகாதெமி விருது பெற்றது. உத்தரப் பிரதேச அரசுப் பணியில் இருந்துகொண்டே அவர் எழுதியது. சிவபால்கஞ்ச் என்ற கிராமத்தில் வைத்யஜி கல்லூரி, கூட்டுறவு யூனியன், பஞ்சாயத்து எல்லாவற்றையும் கைக்குள் வைத்திருக்கிறார். உடம்பு தேற அங்கே வந்து தங்கும் அவருடைய சகோதரி மகன் ரங்கநாத் எல்லாவற்றையும் பார்க்கிறான்.

ஆசிரியர் 2011-ல் மறைந்தார். நம் சட்டப்படி அதன் பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை வாரிசுகளுடையது. 'பழைய நாவல்தானே' என்று அனுமதி கேட்காமல் இறங்கும் வழக்கம் குழுக்களிடையே உண்டு. நாம் எழுத்து மூலமான அனுமதி கைக்கு வந்த பிறகே ஒத்திகையைத் தொடங்கினோம். நேர்மையைப் பற்றிய நாடகத்தை வேறு எப்படித் தொடங்குவது?

நாவலுக்குக் கட்டுக்கோப்பான கதை கிடையாது. அதன் கூர்மை முழுவதும் கதைசொல்லியின் வாக்கியங்களில் இருக்கிறது. உரையாடலை மட்டும் பிரித்தெடுத்து எழுதிய முதல் பிரதி சப்பென்று இருந்தது. மூன்று வாரம் தடுமாறிய பிறகு ஒரு இளைய உறுப்பினர், "கூத்துல கட்டியங்காரன் இருக்காரே, அவர்கிட்ட கொடுத்துடலாமே" என்றார். அதோடு பிரதிக்கு உயிர் வந்தது. கதைக்கு உள்ளேயும் வெளியேயும் நின்று ராஜாவையே கேள்வி கேட்கும் உரிமை கட்டியங்காரனுக்கு உண்டு.

இன்றைக்கு ஏற்ப மாற்றுவதா என்பதில் கடுமையான விவாதம் நடந்தது. செல்போன் வைக்கலாம், வைத்யஜிக்கு இன்றைய தலைவர் ஒருவரின் நடை, பேச்சைக் கொடுக்கலாம் என்றார்கள். நான் எதிர்த்தேன், இப்போதும் அதே கருத்துதான். ஒருவரைக் காட்டினால் பார்வையாளர் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். இந்த நாவலில் முறைகேட்டில் ஊர் மொத்தமும் பங்காளி, படித்த ரங்கநாத் உட்பட. காலத்தை மாற்றாமல் விட்டோம். இன்றைய காலத்தைப் பார்வையாளர்களே கொண்டுவந்தார்கள்.

யூனியன் கிடங்கின் கோதுமையை சூபர்வைசர் லாரியில் ஏற்றிக்கொண்டு ஓடிவிடுகிறான். அந்த நஷ்டத்தை அரசாங்கம் ஈடுகட்ட வேண்டும் என்று யூனியன் தீர்மானம் போடுகிறது. கட்டியங்காரன் மேடை விளிம்புக்கு வந்து, "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். அரங்கில் பாதிப்பேர் சிரித்தபடியே தூக்கிவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு கையாக இறங்கியது. முன்வரிசையில் ஒரு அம்மா கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன்.

லங்கட் காட்சிக்குத்தான் அதிகம் உழைத்தோம். ஒரு ஆவணத்தின் நகலுக்காக ஆபீஸ் படியேறுகிறவன் லங்கட். குமாஸ்தா ஐந்து ரூபாய் கேட்கிறான், இவன் இரண்டுதான் ரேட் என்கிறான். சண்டை முற்றி, மாமூல் தரமாட்டேன் என்று இவனும், விதிப்படிதான் கொடுப்பேன் என்று அவனும் சபதம் போடுகிறார்கள். நடிகர் முதலில் லங்கட்டைத் தியாகியாகவே நடித்தார். பேரத்திலிருந்து பிறந்த வைராக்கியம் அது என்று புரிந்த பிறகு குரல் மாறியது. கடைசியில் நகல் தயாராகும்போது அவன் காய்ச்சலில் கிடக்கிறான். வாங்க ஆள் வராததால் அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள்.

"ஆர்டிஐ போட்டா முடிஞ்சதே" என்று ஒத்திகையில் ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 30 நாளில் பதில் தரச் சொல்கிறது. காட்சிக்குப் பின் நடந்த கலந்துரையாடலில் அதையே பேசினோம். ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர் எழுந்து, "நானும் நகல் செக்‌ஷன்ல இருந்தவன்தான்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் யாரும் அவரைக் கேட்கவில்லை.

முதலில் ஒப்புக்கொண்ட அரங்கம் ஒன்று, கதைச்சுருக்கம் கேட்டு வாங்கிப் படித்த மறுநாள் தேதி இல்லை என்றது. 1954-ம் ஆண்டு நாடகச் சட்டம், போலீசிடம் பிரதியைக் காட்டி அனுமதி வாங்கச் சொன்ன அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் செல்லாது என்றுவிட்டது. அந்தப் பயம் மட்டும் இன்னும் அமலில் இருக்கிறது. இடம் மாற்றி, மூன்று காட்சிகளையும் நடத்தி முடித்தோம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நன்கொடை ரசீதுகள் அனைத்தும் மேசைமேல் உள்ளன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வரும் ஆண்டில் அரங்கத்தை விட்டுத் தெருவில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் இந்நாடகத்தை நடத்தச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.