உழவர் சந்தையைச் சாயங்காலமும் திறந்து வையுங்கள்

வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். திண்டுக்கல்லில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி விட்டதும் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் காய்கறிப் பிரிவில் வேலை. வீடு ரெட்டியார்சத்திரம் பக்கம். அப்பா தக்காளியும் அவரைக்காயும் போடுகிறார். அதனால் தக்காளியைச் செடியிலும் பார்க்கிறேன், விலைச் சீட்டு ஒட்டிய பிறகும் பார்க்கிறேன்.

அப்பா பறிக்கும் தக்காளி 14 கிலோ பெட்டியில் ஒட்டன்சத்திரம் மண்டிக்குப் போகும். கமிஷன், இறக்குக்கூலி, வண்டி வாடகை எல்லாம் போக மிச்சம்தான் கையில். அங்கிருந்து பாதிக்கு மேல் கேரளாவுக்கு லாரி ஏறும் என்பார் அப்பா. கொஞ்சம் திரும்ப திண்டுக்கல்லுக்கே வந்து எங்கள் கடை வாசலில் இறங்கும். கிரேட்டைக் கவிழ்த்து நான்தான் பிரிப்பேன். வெடித்தது, பொடிசாக இருப்பது, காம்புப் பக்கம் கறுத்தது தனி. உருண்டையாக ஒரே அளவில் இருப்பது மேல்தட்டுக்கு. வருகிறவர்கள் எல்லாரும் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கடை சாத்தும் நேரத்துக்குள் அமுங்கிப் போனதையெல்லாம் பொறுக்கி, எடை போட்டு, டேமேஜ் நோட்டில் எழுதுவேன். அப்பாவின் தோட்டத்தில் இந்த நோட்டு கிடையாது. அங்கே வீணாவது கணக்கில் வராது, மாட்டுக்குப் போகும்.

அய்யலூர் சந்தையில் விலை விழுந்து தக்காளியைக் கொட்டிவிட்டுப் போகும் நாட்களிலும் எங்கள் கடைப் பலகையில் விலை அதே வேகத்தில் இறங்குவதில்லை. முதலாளி கொள்ளையடிக்கிறார் என்று சொல்ல வரவில்லை. கடை வாடகை, ஏசி, டேமேஜ், என் சம்பளம் எல்லாம் அந்த விலைக்குள்தான் இருக்கிறது. (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் கடையில் நாற்காலி இருக்கிறது, அதன் மேல் கேரி பேக் கட்டு உட்கார்ந்திருக்கிறது. அது தொழிலாளர் துறைக்கு எழுத வேண்டிய விஷயம், சரி, விடுங்கள்.)

இந்தச் சுற்றே இல்லாத இடம் உங்கள் பொறுப்பில் இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தபோது நான் பிறக்கவே இல்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் கணக்கு எங்கள் பாடப் புத்தகத்தில் வரும் எந்த விலை நிர்ணய முறையையும் விட எனக்குப் பிடிக்கும். மொத்த விலையை விடச் சுமார் 20 சதவீதம் கூட, சில்லறை விலையை விடச் சுமார் 15 சதவீதம் குறைய. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். கமிஷன் கிடையாது, தராசும் நீங்களே தருகிறீர்கள்.

சிக்கல் நேரம்தான். விடியலில் தொடங்கும் வியாபாரம் பதினோரு மணிக்கெல்லாம் ஓய்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் மில்லில் ஷிப்ட் பார்ப்பவர், ஜவுளிக் கடையில் நிற்பவர், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு ஆபீஸ் ஓடுபவர் யாரும் சந்தைக்கு வர முடியாது. அவர்களெல்லாம் இரவு எட்டு மணிக்கு எங்கள் கடைக்கு வருகிறார்கள். “உழவர் சந்தையில நல்லா கிடைக்கும்மா, எங்க போக முடியுது?” என்று என்னிடமே சொல்லிவிட்டு என்னிடமே வாங்கிப் போகிறார்கள்.

மாலை நேர உழவர் சந்தை பற்றி வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவிப்பு வந்தது தெரியும். ஆனால் அது பெரும்பாலும் சிறுதானியம், பருப்பு என்று, விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் சரக்கை வைத்து யோசித்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் தேடுவது மறுநாள் சாம்பாருக்கான காய்.

அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். “விடியுறதுக்குள்ள காய் பறிச்சு, அப்புறம் தண்ணி பாய்ச்சி, மாட்டைப் பிடிச்சுக் கட்டி, திரும்ப சாயங்காலம் வந்து அங்க உட்காரணுமா?” என்றார். நியாயம்தான். உழவர் சந்தை அடையாள அட்டையில் பெயர் இருக்கும் விவசாயியோ வீட்டாரோதான் சந்தைக் கடையில் உட்காரலாம் என்று இருக்கும்வரை மாலைச் சந்தை காற்று வாங்கும்.

அதனால் கேட்கிறேன்: மாலைக்கு மட்டும், அட்டை வைத்திருக்கும் நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து ஒரு மாணவரைக் கூலிக்கு வைத்துக்கொள்ள அனுமதியுங்கள். விவசாய வீட்டுப் பிள்ளைகள் என்னைப் போல எத்தனையோ பேர் சாயங்காலம் பில் போட்டுக்கொண்டும் காய் பிரித்துக்கொண்டும் இருக்கிறோம். எடை போடவும் கணக்கு எழுதவும் எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். கீரையை விட்டுவிடலாம், வாடிவிடும். முருங்கை, சின்ன வெங்காயம், பூசணி, வாழைக்காய், தேங்காய், செங்காயாக, அதாவது முழுக்கப் பழுக்கும் முன்னே பறித்த தக்காளி இவையெல்லாம் சாயங்காலம் வரை தாங்கும்.

இந்த வழியில் வியாபாரிகள் நுழைந்துவிடுவார்கள் என்று நீங்கள் தயங்கலாம். அந்தப் பயம் காலைச் சந்தையிலும் இருப்பதுதானே? எந்த மாணவர் எந்த விவசாயிகளின் காயை விற்கிறார் என்பதை நிர்வாக அலுவலரிடம் பதிந்துகொள்ளுங்கள். அவரவர் தோட்டத்தில் என்ன விளைகிறது என்பது உங்கள் உதவி வேளாண் அலுவலர்களுக்குத் தெரியும். முருங்கை மட்டும் போட்டவர் பெயரில் பீட்ரூட் வந்தால் மாட்டிக்கொள்வார்.

திண்டுக்கல் சந்தையில் ஒரு மாதம் மட்டும் நடத்திப் பாருங்கள். ஆவணியில் முகூர்த்தம் அதிகம், காய்க்கு ஓட்டம் இருக்கும், அப்போது தொடங்கினால் நல்லது. கூலி கட்டுபடியாகிறதா, எவ்வளவு காய் மிஞ்சுகிறது என்று தினக்கணக்கை நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பி.காம். மாணவி,
திண்டுக்கல்.