வேஷம் கட்டிவிட ஆள் உண்டு, கலைக்க ஆள் இல்லை

அனுப்புநர்:
உடை எண் 117-ஐ வாடகைக்கு எடுத்த வாடிக்கையாளர்,
பெருங்குடி, சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: துப்பறிவாளர் உடைக்குப் பதிலாகப் பேரரசர் உடை தந்தது, அதனால் நேர்ந்த தொல்லைகள், டெபாசிட்டில் 1,500 ரூபாயையும் வாடகையையும் திரும்பக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

விளம்பரத்தில் சொன்னது பொய் என்றுதான் வழக்கமாக ஆட்கள் புகார் எழுதுவார்கள். என் விஷயத்தில் நீங்கள் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. "உடையைப் போடுங்கள், அந்தப் பாத்திரமாகவே மாறுங்கள்" என்று போட்டிருந்தீர்கள். மாறிவிட்டேன். திரும்பி வருவதற்குத்தான் நீங்கள் ஒரு ஏற்பாடும் செய்யவில்லை.

கடந்த சனிக்கிழமை பழைய மகாபலிபுரம் சாலையில் நீங்கள் நடத்திய, கதாபாத்திரங்களைப்போல வேஷம் போட்டு வருகிற ரசிகர் மாநாட்டுக்கு நானும் என் மகளும் வந்தோம். நுழைவுச்சீட்டு ஆளுக்கு 899 ரூபாய். மகள் தன் உடையைத் தானே தயார் செய்திருந்தாள். காகிதக் கூழில் நரி முகமூடி, அவள் அம்மாவின் பழைய பட்டுப்புடவையில் வெட்டிய மேல்சட்டை, எல்லாம் சேர்த்து மூன்று மாத வேலை. எனக்குத் தைக்கத் தெரியாது. அதனால் உங்களிடம் துப்பறிவாளர் உடையைப் பதிவு செய்தேன். வாடகை 1,450, டெபாசிட் 2,000. நீளக் கோட்டு, தொப்பி, பூதக்கண்ணாடி. அளவு 42 என்று வாட்ஸ்அப்பில் உறுதியும் செய்தீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் 27 வருஷமாகக் கணக்கு எழுதுகிற எனக்கு அது தோதான வேஷம். ஓரமாக நின்று எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கவுன்டரில் இருந்த பையன், "துப்பறிவாளர் போயிடுச்சு சார். பேரரசர் இருக்கு, அது இன்னும் கெத்து" என்றான். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். பின்னால் முப்பது பேர் நின்றார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிப் பழகாதவன்.

அந்த உடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஃபைபரில் செய்த மார்புக்கவசம், இடுப்பில் வளையவே வளையாது. கழுத்துப்பட்டை தாடையை மேலே தூக்கி நிறுத்திவிடும், எதிரே நிற்பவரை மூக்கு வழியாகத்தான் பார்க்க முடியும். ஏழு அடி மேலங்கி தரையில் இழுபடுவதால் பின்னால் வருகிறவர்கள் தாமாகவே ஒதுங்குவார்கள். தலைக்கவசத்துக்குள் ஒரு குரல் பெட்டி, பேசுவதைக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மாற்றிவிடும். இவ்வளவையும் இரண்டு பையன்கள் இருபது நிமிஷம் கட்டினார்கள். முதுகுப் பக்கம் மட்டும் பதினோரு கிளிப்.

கட்டி முடித்ததும் என் கைக்குட்டை கீழே விழுந்தது. குனியப் பார்த்தேன், முடியவில்லை. "எடு" என்றேன். அந்தக் குரலைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பையன் ஓடிவந்து எடுத்துக் கொடுத்தான். எங்கள் அலுவலகத்தில் என் பேச்சு மேஜையின் அந்தப் பக்கத்துக்கே போய்ச் சேராது. குனிய முடியாதவன் அடுத்தவரை ஏவத்தான் வேண்டியிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே போனது. குழந்தைகள் படம் எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு மணி வாக்கில் பிரியாணிக் கடைக்குப் போனேன். நீளமான வரிசை. நான் நேராக முன்னால் போய் நின்றேன். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை, விலகி வழி விட்டார்கள். கடைக்காரரும் தட்டை நீட்டினாரே தவிரக் காசு கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. ரேஷன் கடையில் என் முறை வந்த பிறகும் பின்னால் இருப்பவரிடம் "நீங்க போங்க" என்று சொல்கிற ஆள் நான். அந்த 180 ரூபாய் என் மனத்தை அரிக்கிறது. கடைக்காரரின் எண்ணைத் தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

அடுத்து அந்தக் கல்லூரி மாணவர் விஷயம். மூன்றாம் அரங்கில் புரட்சிப் படைத் தலைவன் வேஷத்தில் இருந்த ஒரு பையன் என்னைப் பார்த்து முஷ்டியை உயர்த்தினான். விளையாட்டுக்குத்தான். நான் "பிடியுங்கள் இவனை" என்றேன். உங்கள் வாலண்டியர்கள் பிடித்தார்கள்! அவர்களுக்குக் காவலர் உடை கொடுத்தது யாருடைய யோசனை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். படம் எடுப்பதற்காகத் தெர்மாகோலில் ஒரு சிறை செய்து வைத்திருந்தீர்களே, அதில் அடைத்து நாற்பது நிமிஷம் காவலுக்கு நின்றார்கள். கதவுக்குப் பூட்டுகூடக் கிடையாது. ஆனால் அந்தப் பையனும் வெளியே வரவில்லை. என் மகள் போய்க் கூப்பிட்டதற்கு, "என் தோழர்கள் வருவார்கள்" என்றானாம். கடைசியில் அவனுடைய அம்மா போன் செய்து "சாப்பிட்டியாடா?" என்று கேட்ட பிறகுதான் எழுந்து வந்தான். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறான், நல்ல பிள்ளை. சேலையூரில் அவன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

நான் ஒருவன் மட்டும் இப்படி ஆகவில்லை. டாக்டர் கோட்டு போட்டிருந்த ஒருவர் வருவோர் போவோரின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். விசாரித்தால் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். என்னை உப்பைக் குறைக்கச் சொன்னார். (எங்கள் டாக்டரும் அதையேதான் சொல்கிறார், அது வேறு விஷயம்.) உங்கள் நிஜமான முதலுதவி நர்ஸுக்கோ சூனியக்காரி வேஷம் கொடுத்திருந்தீர்கள். அவரிடம் யாரும் போகவே இல்லை.

என் மகள் உளவியல் முதலாண்டு படிக்கிறாள். 2012-ல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரே வெள்ளைக் கோட்டைச் சிலருக்கு டாக்டர் கோட்டு என்றும் சிலருக்குப் பெயின்டர் கோட்டு என்றும் சொல்லிக் கொடுத்தார்களாம். டாக்டர் கோட்டு என்று நம்பிப் போட்டவர்களுக்கு மட்டும் கவனம் கூடியதாம். 2019-ல் வேறு சிலர் அதே ஆய்வில் இருந்த இன்னொரு வெள்ளைக் கோட்டுச் சோதனையை நிறையப் பேரை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது பழைய முடிவு வரவில்லை என்பதையும் அவளே சொன்னாள். எனக்குச் சாதகமானதை மட்டும் எழுதக் கூடாது என்பதற்காக இதையும் சேர்க்கிறேன். 1976-ல் வெளியான இன்னொரு ஆய்வுதான் என்னை உறுத்தியது. சியாட்டிலில், மாறுவேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகிற பண்டிகை நாளில், 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் "ஆளுக்கு ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டு, ஒளிந்திருந்து பார்த்தார்கள். பெயர் கேட்கப்பட்டுத் தனியாக வந்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர்கூடக் கூடுதலாக எடுக்கவில்லை. பெயர் கேட்கப்படாமல் கூட்டமாக வந்தவர்களில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். பிரியாணிக் கடையில் என் பெயரை யாரும் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் ஆய்வுகூட வேண்டியதில்லை. நான் உடன்குடிக்காரன். பக்கத்தில்தான் குலசேகரன்பட்டினம். அங்கே முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வேஷம் போடுவார்கள். காளி, குறத்தி, போலீஸ், கரடி, எமன், எதுவும் விட்டுப்போகாது. என் பெரிய மாமா பல வருஷம் காளி வேஷம் போட்டவர். 41 நாள் விரதம், ஒரு வேளைச் சோறு, தரையில் படுக்கை. காப்பு கட்டிய பிறகு அவரை மாமா என்று கூப்பிடக் கூடாது, எங்களுக்கும் அவர் அம்மாதான். அத்தைகூட எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். பத்தாம் நாள் நள்ளிரவு கடற்கரையில் சூரசம்ஹாரம் முடியும், அப்புறம் கோயிலில் காப்பை அவிழ்ப்பார்கள். அதற்கு அடுத்த சந்தையில் மாமா கருப்பட்டிக்குப் பேரம் பேசிக்கொண்டு நிற்பார், அத்தை அவரைத் திட்டிக்கொண்டிருப்பாள். தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் நரசிம்மர் முகமூடி போடுகிறவர் பட்டினி இருந்துதான் போடுகிறார். ஆவேசம் வந்தால் பிடித்துக்கொள்ள ஆட்கள் கூடவே நிற்பார்கள். இந்த இரண்டு இடத்திலும் வேஷத்தை விளையாட்டுச் சாமானாக யாரும் நினைக்கவில்லை. கட்டுவதற்கு ஒரு முறை வைத்தவர்கள் இறக்குவதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கையேட்டின் இரண்டாம் பக்கத்தில், 1939-ல் நியூயார்க் அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு முதன்முதலாக வேஷம் போட்டு வந்தவர்கள் என்று ஃபாரஸ்ட் ஆக்கர்மனையும் மிர்ட்டில் டக்ளஸையும் பற்றிப் போட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு உடையையும் தைத்தது அந்த அம்மாள்தான். என் மகளும் தான் தைத்ததைத்தான் போட்டிருந்தாள். முகமூடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டதும் பழையபடி என்னிடம் ஐஸ்கிரீம் கேட்டாள். எந்தத் தையல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குக் கழற்றவும் தெரிகிறது. என் முதுகில் இருந்த பதினோரு கிளிப்பும் எனக்குத் தெரியாதவை.

மாநாடு முடிந்தது இரவு 8 மணிக்கு. உடை மாற்றும் அறையை 6 மணிக்கே பூட்டிவிட்டீர்கள். கட்டிவிட்ட இரண்டு பையன்களும் 5 மணிக்கே போய்விட்டார்களாம். அங்கே தென்பட்ட ஒரே உருப்படியான ஆள், என்னுடைய துப்பறிவாளர் உடை யாருக்குப் போனதோ அவர். அறுபது வயது இருக்கும், ஓய்வுபெற்ற தபால்காரரின் மனைவி. மதியமே கவுன்டரின் காணாமல்போன ரசீதுப் புத்தகத்தைச் சாப்பாட்டுக் கூடைக்கு அடியிலிருந்து கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். என்னைச் சுற்றி ஒரு நடை வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது உங்க கோட்டுதானே?" என்றார். இடது பாக்கெட்டில் என் பெயர் எழுதிய உங்கள் சீட்டு இருந்தது. அந்தச் சீட்டின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அந்த உடையோடு ஆட்டோவில் உட்கார முடியாது. பேருந்தில் நின்றுகொண்டு போனேன். கண்டக்டர் எங்கே என்று கேட்டதற்கு, "என் எல்லை வரை" என்று பதில் வந்தது. நான் சொல்லவில்லை, வந்தது. அவர், "எல்லை எல்லாம் இந்த பஸ் போகாது சார், ஸ்டாப் பேரைச் சொல்லுங்க" என்றார். மகளுக்கு இலவசம், பேரரசருக்கு டிக்கெட். வீட்டில் என் மனைவி குறடும் தேங்காய் எண்ணெயுமாக இரவு 11 மணிக்குத்தான் கடைசிக் கிளிப்பைக் கழற்றி முடித்தார். அதில் ஒன்று உடைந்தது, மறுக்கவில்லை. திங்கட்கிழமை மாலை வரை தரையில் விழுந்த எதையும் நான் எடுக்கவில்லை என்பதையும் இந்தக் கடிதத்தில் சேர்க்கச் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு போன் செய்தேன். தாமதத்துக்கு 750, கிளிப்புக்கு 500, மீதிக்குச் சுத்தம் செய்யும் செலவு என்று மொத்த டெபாசிட்டையும் பிடித்துக்கொண்டதாகச் சொன்னார்கள். அது போகட்டும். நடந்ததை விளக்கியபோது உங்கள் ஊழியர், "டிரஸ் என்ன சார் செய்யும், அது உங்க சுபாவம்" என்று சிரித்தார். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும். உடை ஆளை மாற்றாது என்றால் உங்கள் விளம்பரம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(28)-ன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம். மாற்றும் என்றால், மாற்றிய ஆளை அப்படியே தெருவில் விட்டது பிரிவு 2(11)-ன்படி சேவைக் குறைபாடு. எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு இரண்டுமே சம்மதம். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்வது எப்படி என்று எனக்குத் தெரியும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பதும் தெரியும்.

கிளிப்புக்கு 500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதி 1,500-ஐத் தந்துவிடுங்கள். துப்பறிவாளருக்கு வாங்கிய வாடகையையும் திருப்பித் தர வேண்டும், ஏனென்றால் அந்த உடையை நான் போடவே இல்லை. அடுத்த முறை உடை மாற்றும் அறை கடைசி ஆள் போகும்வரை திறந்திருக்கட்டும், கட்டிவிட்டவரே கலைக்கவும் இருக்கட்டும். வாலண்டியர்களுக்குச் சாதாரண டி-ஷர்ட் போதும்.

உடை எண் 117 என் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. மேலங்கியைத் துவைத்துவிட்டோம். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வருகிறவர் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்கு மேலோ, என் மனைவி வீட்டில் இருக்கும்போது வரட்டும். நான் மட்டும் இருந்தால் தலைக்கவசத்தைக் கொடுப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இப்படிக்கு,
உடை எண் 117-ஐ வாடகைக்கு எடுத்த வாடிக்கையாளர்

இணைப்பு: கட்டண ரசீது, வாட்ஸ்அப் உரையாடலின் நகல், கோட்டுப் பாக்கெட்டில் இருந்த சீட்டின் நகல்.