18 முடிஞ்சதும் எங்க போவாங்க?

ஆசிரியருக்கு வணக்கம்,

குழந்தைகள் இல்லங்கள் பத்தி போன வாரம் நீங்க போட்ட செய்தி படிச்சேன், உள்ள இருக்கற குறையெல்லாம் சரியாத்தான் எழுதியிருந்தீங்க, ஆனா 18 முடிஞ்சு வெளிய வர்ற புள்ளைங்க பத்தி ஒரு வரி கூட இல்ல. 1920லயே சிறுவர் சட்டம் போட்டது நம்ம மெட்ராஸ் மாகாணம், இந்தியாவுலயே அதுதான் முதல், 1930ல முத்துலட்சுமி ரெட்டி ஆதரவில்லாத பொண்ணுங்களுக்காக அவ்வை இல்லம் ஆரம்பிச்சதும் இங்கதான். இவ்ளோ பழைய வரலாறு இருந்தும் 18வது பொறந்தநாளுக்கு அப்புறம் என்னன்னு கேட்டா இன்னைக்கும் பதில் சரியா இல்லீங்க. 2015 சிறார் நீதிச் சட்டத்துல 18 முடிஞ்சு இல்லத்த விட்டு வர்றவங்களுக்கு பண உதவி பண்ணலாம்னு 46வது பிரிவு இருக்கு, மிஷன் வாத்சல்யாங்கற மத்திய அரசு குழந்தைகள் பாதுகாப்பு திட்டத்துல அவங்களுக்கு மாசம் 4,000 ரூபாயும் இருக்கு, ஆனா அந்த காசுக்கு சென்னைல மேன்ஷன்ல ஒரு கட்டில் கிடைச்சாலே பெருசு, சாப்பாடு தனி.

எங்க ஒர்க்‌ஷாப்புக்கு அப்படி ஒரு பையன் வந்தான், நல்ல வேலைக்காரன், ஆதார்ல இல்லத்து அட்ரஸ் இருக்குன்னு பாத்துட்டு மூணு ஹவுஸ் ஓனரும் வீடு தரல, கடைசில ஷெட்லயே படுத்துக்கிட்டான். இல்லத்த விட்டு வந்தவங்க தங்கறதுக்கு மாவட்டத்துக்கு ஒரு பின்காப்பு ஹாஸ்டல் வேணும், 17 வயசுலயே பேங்க் கணக்கு, ரேஷன் கார்டு, வேலைப் பயிற்சி எல்லாம் முடிச்சு குடுத்துட்டு அப்புறமா அனுப்புங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அம்பத்தூர்