கணினித் திரையில் வரும் இரண்டாவது வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, பழைய கணினி வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று சென்ற வாரம் தங்கள் நாளிதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாம், ஓராண்டு நீட்டிப்புக்குப் பதிவு செய்யலாம், இரண்டும் முடியாவிட்டால் புதிது வாங்கலாம் என்று மூன்று வழி சொன்னீர்கள். நான்காவதாக ஒன்று இருக்கிறது: விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய, காசில்லாத லினக்ஸ் என்ற இயங்குதளம். என் கடையில் இரண்டு கணினிகள் காலை ஒன்பதரை முதல் இரவு எட்டு வரை அந்த வழியில்தான் ஓடுகின்றன. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கூடலூரில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். பெயர்ப்பலகையில் இன்னும் 'டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்' என்றுதான் இருக்கும். லோயர், ஹையர் என்று பிள்ளைகள் வரிசையில் நின்ற காலத்துப் பலகை. அப்பா எழுபதுகளில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலைக்குச் சேர்ந்தவர். இன்றும் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். ஐயாயிரம் ரூபாய் செலவென்றாலே ஒரு மாதம் யோசிக்கிறவர்கள். அவர்களிடம் போய் நாற்பதாயிரத்துக்குப் புதுக் கணினி வாங்கிக்கொள் என்று எந்த வாயால் சொல்வது?

போன நவம்பரில் என் கடைக் கணினியைச் சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். 2014-ல் அசெம்பிள் செய்தது. ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம். அந்தத் தம்பி மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அக்கா, இது லெவனுக்கு ஏறாது. எடைக்குப் போட்டுட்டு புதுசு எடுத்துக்குங்க" என்றார். முதல் பாதி சரிதான். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்றொரு பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும் என்கிறது. இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆனால் என் கணினியில் பழுது என்று ஒன்றுமே இல்லை. முந்தின நாள் சாயங்காலம்கூட அதில் நாற்பது பக்கம் அடித்திருந்தேன். கறக்கிற மாட்டை அடிமாட்டு லாரியில் ஏற்றச் சொன்ன மாதிரி இருந்தது.

கிறிஸ்துமஸ் லீவுக்கு என் நாத்தனார் மகன் வந்தான். சுல்தான் பத்தேரியில் ஒன்பதாவது படிக்கிறான். கணினியை மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அத்தை, ஒரு பென்டிரைவ் இருக்கா?" என்றான். மூன்று ஜிபிக்குப் பக்கத்தில் ஒரு கோப்பு. எங்கள் ஊர் நெட்டுக்கு அது ஒரு ராத்திரி வேலை. காலையில் பென்டிரைவைச் செருகி, கணினியைப் போட்டதும் எஃப்12-ஐத் தட்டினான். அவன் ஏற்றியது லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வகை. 2 ஜிபி ராம் இருந்தாலே ஓடும், 4 இருந்தால் வசதி. ஹார்ட் டிஸ்க்கில் எதையும் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் எனக்கு முதல் ஆச்சரியம். பிடிக்கவில்லை என்றால் பிடுங்கிவிட்டுப் போக வேண்டியதுதான். லேசர் பிரிண்டரை மாட்டினேன், சிடி எதுவும் கேட்காமல் அதுவே கண்டுகொண்டு ஒரு பக்கம் அடித்துத் தள்ளியது. அப்புறம்தான் பதியச் சொன்னேன். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்று போட்டதுதான் மொத்தச் செலவு, இரண்டாயிரத்துக்குள்.

தமிழ் அடிக்க ஐபஸ் என்ற நிரலில் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையும் இருக்கிறது, பழைய தட்டச்சு முறையும் இருக்கிறது. முப்பது வருஷம் ரெமிங்டன் டைப்ரைட்டரில் ஊறிய விரலுக்கு அந்த இரண்டாவதுதான் வேண்டும். மாற்றிக்கொள்ளச் சொல்லி யாரும் என்னை அதட்டவில்லை.

இதெல்லாம் உனக்கு எப்படிடா தெரியும் என்று கேட்டேன். "ஸ்கூல்ல இதுதானே அத்தை" என்றான், என்னமோ சோறு தின்னத் தெரியுமா என்று கேட்டுவிட்டதைப் போல. பாட்டவயல் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2001-லேயே ஐடி@ஸ்கூல் என்று பள்ளிக் கணினித் திட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். இப்போது அதற்குப் பெயர் கைட். பள்ளிக் கணினிகளில் லினக்ஸ்தான், பத்தாம் வகுப்புக்கு ஐடி தேர்வும் அதில்தான். 2019-ல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்குப் புதிய பதிப்பைப் போட்டபோது, உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். அரசாங்கம் சொல்லும் மிச்சக் கணக்கை நான் எப்போதும் பாதியாக்கித்தான் எடுத்துக்கொள்வேன். பாதி என்றாலும் 1,500 கோடி.

இதைக் கேட்டபோது எனக்கு என் மகளின் லேப்டாப் ஞாபகம் வந்தது. அவள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. போட்டவுடன் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். முதல் வரி விண்டோஸ். இரண்டாவது வரி பாஸ் லினக்ஸ். அது வெளிநாட்டுச் சரக்குகூட இல்லை, டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து, மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவாக்கியது, முதல் பதிப்பு 2007-ல் வந்தது. எங்கள் வீட்டில் அந்த இரண்டாவது வரியை யாரும் ஒருநாளும் தொடவில்லை. பள்ளியிலும் சொல்லித் தரவில்லை. சர்வீஸுக்குப் போனபோது "இது சும்மா இடத்த அடைக்குது" என்று அழித்துவிட்டு, முந்நூறு ரூபாய்க்குத் திருட்டு விண்டோஸை ஏற்றிக் கொடுத்தார்கள். நானும் சந்தோஷமாக வாங்கி வந்தேன். ஒழுங்காகக் காசில்லாமல் கிடைத்ததை அழிக்கக் காசு கொடுத்தவள் நான்.

அதன் விலை பின்னால் தெரிந்தது. மகள் இன்ஜினியரிங் முடித்துக் கோவையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், தினமும் போனில் அழுகை. அலுவலக சர்வர் எல்லாம் லினக்ஸ், எழுதிய நிரலைச் சேமிப்பது கிட் என்ற கருவியில், எல்லாமே கட்டளை அடித்துச் செய்ய வேண்டும், மற்றவர்கள் சரளமாக அடிக்கிறார்கள், இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறு வாரம் பட்டபாட்டுக்குப் பின்தான் சமாளித்தாள். லினக்ஸைத் தன் 21-வது வயதில் 1991-ல் எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ்தான் 2005-ல் கிட்டையும் எழுதினாராம். அவள்தான் பிறகு சொன்னாள். இரண்டையும் பழகிக்கொள்ளும் பாடசாலை நான்கு வருஷம் அவள் மடியிலேயே இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த கதை அதற்கும் முந்தியது. ஜெராக்ஸ் கடைக்காரி என்பதால் பிடித்திருக்கலாம். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்குப் புதிதாக லேசர் பிரிண்டர் வந்தது. அடிக்கடி பேப்பர் சிக்கும். பழைய பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எல்லோர் திரையிலும் தகவல் வரும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதற்கும் அப்படிச் செய்யலாம் என்றால், தயாரித்த ஜெராக்ஸ் நிறுவனம் திருத்துவதற்குத் தேவையான மூல நிரலைத் தரவில்லை. அந்த நிரலை வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழகத்துக்காரரும், தரமாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறேன் என்று கைவிரித்துவிட்டார். அந்தக் கடுப்பு ஆறவே இல்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தி, திருத்தி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள்களை எழுதும் குனு திட்டத்தை 1983-ல் அறிவித்தார். லினக்ஸோடு சேர்ந்து ஓடும் கருவிகளில் பல அதில் வந்தவைதான். பேப்பர் சிக்கினால் நான் மிஷினைத் தட்டுவேன், திட்டுவேன். அவர் இயக்கத்தையே தொடங்கிவிட்டார்.

தாங்கள் பத்திரிகை நடத்துபவர் என்பதால் இன்னொன்று. எங்கள் ஊர் டீக்கடைகளில் தமிழ்ப் பேப்பரும் மலையாளப் பேப்பரும் ஒரே பெஞ்சில் கிடக்கும். மலையாளப் பேப்பர்களில் ஒன்றான ஜனயுகம் 2019-ல், பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரை விட்டுவிட்டு ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற மென்பொருளில், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் எழுத்துருக்களில், பக்கம் அமைக்கத் தொடங்கியது. நான் 2015-ல் அதே ஸ்கிரைபஸை விண்டோஸிலேயே போட்டுப் பார்த்துக் கைவிட்டவள். ஒரு கல்யாணப் பத்திரிகை. 'பெண்' என்று அடித்தால் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நின்றது. 'கொ' மூன்று துண்டாகச் சிதறியது. இப்போது எழுத்தைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலகத்தை உள்ளே சேர்த்துவிட்டார்கள். 2024 தொடக்கத்தில் வந்த 1.6 பதிப்பில் கொம்பு தன் இடத்தில் நிற்கிறது. தை மாத முகூர்த்தத்துக்கு நான்கு பத்திரிகை அதில் போட்டேன்.

எல்லாம் தேனும் பாலும் அல்ல. கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இரண்டையும் என்னால் லினக்ஸில் ஓட்ட முடியவில்லை. அதற்காகவே மூன்றாவது கணினியில் விண்டோஸ் 11 வைத்திருக்கிறேன். ஒரு பழைய கலர் பிரிண்டர் இன்றுவரை முறைத்துக்கொண்டுதான் நிற்கிறது. பேஜ்மேக்கரில் பழைய எழுத்துருவில் கிடக்கும் இருபது வருஷத்து வேலை அப்படியே கிடக்கிறது. லினக்ஸ் என்றால் வைரஸே வராது என்று சொல்கிறவர்களையும் நான் நம்புவதில்லை.

2025 தமிழக பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு 20 லட்சம் கணினி என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். அதில் இரண்டாவது வரியாக எதைப் போட்டாலும், அதைத் திறந்து காட்ட ஓர் ஆசிரியரை முதலில் பழக்குங்கள் என்று யாராவது கேட்க வேண்டும். தங்கள் கல்விமலர் வாரா வாரம் வருகிறது. அதில் ஒரு பத்தி ஒதுக்கலாம். தமிழில் எழுத ஆளில்லை என்று சொல்ல முடியாது; கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதும் கணியம் என்ற இணைய இதழ் 2012-லிருந்து இதைத்தான் செய்கிறது.

அதுவரை, கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்கள் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு வரலாம். ஏற்றித் தருகிறேன், காசு வேண்டாம். முக்கியமான கோப்புகளை வேறெங்காவது எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். அதை மறந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

இந்தக் கடிதத்தை லிபர்ஆபீஸ் என்ற கட்டற்ற மென்பொருளில், யூனிகோடில் அடித்திருக்கிறேன். போன தடவை நான் எழுதியது அச்சில் வந்தபோது 'கொ' எல்லாம் உடைந்திருந்தது. இந்த முறை பிடிஎஃப்பும் சேர்த்து அனுப்புகிறேன், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
டிடிபி கடைக்காரி,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.