அக்கா, இனி எடை மெஷின் போட்டோ வராது

அக்கா,

ஞாயித்துக்கிழமை போன் எடுக்காததுக்கு மன்னிச்சுக்கோ. எடுத்திருந்தா, நீ அதட்டுற அதட்டல்ல "சரி, அனுப்பறேன்"னு சொல்லியிருப்பேன். அதான் எடுக்கல. நீ கேக்கிற எடை மெஷின் போட்டோவை இனி அனுப்பப் போறதில்ல.

திருப்பாதிரிப்புலியூர்ல அந்தக் கல்யாணப் பந்தி. (யார் வீடுன்னு எழுத மாட்டேன், அவங்களும் இதைப் படிப்பாங்க.) பாயசக்காரப் பையன் கரண்டியைச் சாய்க்கும்போதே உன் கை குறுக்க வந்து என் இலைக்கு மேல விரிஞ்சு நின்னுச்சு. "அவளுக்கு வேணாம்ப்பா." அவனால நிறுத்த முடியல. உன் விரலிடுக்குல சேமியா வழிஞ்சு, கல்லு மோதிரத்துல ஒரு முந்திரி ஒட்டிக்கிச்சு. எதிர் வரிசையில சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச. அன்னிக்கு ராத்திரி பாண்டி பஸ்ஸ்டாண்டுல இறங்கி நான் என்னென்ன தின்னேன்னு சொல்ல மாட்டேன். பக்கத்துல உக்காந்து ரெண்டாவது டம்ளர் பாயசம் கேட்ட மாமாவைப் பத்தியும் ஒண்ணும் சொல்லல.

அம்மாவுக்கு சுகர்ல கால் போனதைப் பார்த்த பயம்தான் உன் கையை நீட்ட வெச்சுதுன்னு தெரியும். எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப நீயும் என்கூட பத்தியச் சோறு தின்னவ. எதையும் மறக்கல.

விடியறதுக்கு முன்னாடி சில்வர் பீச்சுல நடக்கிறது உன் சுபாவம். உனக்குக் குழம்புக் கரண்டிகூட வெச்ச இடத்துல இருக்கணும். அப்படிப்பட்டவங்களுக்கு எடை அவ்வளவா ஏறறதில்லைன்னு ஆராய்ச்சியே சொல்லுது, சந்தோஷமா? நான் அப்படிப் பொறக்கல. எடை குறைஞ்சா, உடம்புல கொழுப்புச் சேமிப்பு போதும்னு மூளைக்குச் சொல்ற லெப்டின்ங்கிற ஹார்மோன் இறங்கிடுது, பசியைக் கிளப்புற கிரெலின்ங்கிற ஹார்மோன் ஏறிடுது. ஒரு வருஷம் கழிச்சும் அது பழைய நிலைக்கு வரலைன்னு 2011ல ஆஸ்திரேலியாவுல கண்டுபிடிச்சாங்க. எனக்குத் திரும்ப ஏறினப்ப "உனக்கு மனசே இல்லடி"ன்ன. மனசு இருந்துச்சுக்கா. கூடவே பசியும் இருந்துச்சு.

இப்போ சாயங்காலம் பீச் ரோட்டுல வண்டியை நிறுத்தினப்புறம் காந்தி சிலையிலேர்ந்து டூப்ளே சிலை வரைக்கும் நடக்கிறேன். பிடிச்சிருக்கு, அதனால போறேன். சில நாள் போறதில்ல. முடிச்சுட்டுச் சுண்டல் வாங்குவேன். எத்தனை கிலோன்னு கேக்க அங்க யாருமில்ல.

போன தடவை வந்தப்ப உன் பொண்ணு இட்லியை எண்ணி எண்ணித் தின்னா. அவகிட்டயும் போட்டோ கேக்கிறியா? இதுக்கு மட்டும் எனக்குப் பதில் வேணும்.